மைண்ட் உணவுமுறை

மைண்ட் உணவுமுறை என்பது முதுமையில் ஏற்படும் அறிதிறன் குறைவைத் தாமதப்படுத்தும் நோக்குடன் வகுக்கப்பட்ட ஓர் உணவுமுறை ஆகும். சிகாகோவிலுள்ள ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த மார்த்தா கிளேர் மோரிசும் அவரது குழுவினரும் இதனை 2015 இல் வெளியிட்டனர். நடுநிலக்கடல் உணவுமுறையும், உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கான டேஷ் உணவுமுறையும் இதன் அடிப்படைகளாகும்.

உணவுக் கூறுகள்

இதில் 15 கூறுகள் உள்ளன. கீரைகள், பிற காய்கறிகள், கொட்டைகள், பெர்ரிப் பழங்கள், பருப்பு வகைகள், முழுத் தானியங்கள், மீன், கோழியிறைச்சி, ஆலிவ் எண்ணெய், அளவான வைன் ஆகிய 10 பரிந்துரைக்கப்பட்டன. சிவப்பு இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, இனிப்புகள், பொரித்த உணவுகள் ஆகிய 5 குறைக்க வேண்டியவை.

ஆய்வுகள்

2015 இல் வெளியான அவதானிப்பு ஆய்வில் 923 முதியோர் சராசரியாக 4.5 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். இம்முறையை மிகக் குறைவாகப் பின்பற்றியோரை விட, மிக நெருக்கமாகப் பின்பற்றியோரிடம் ஆல்சைமர் நோய் ஏற்படும் வீதம் 53% குறைவாக இருந்தது. எனினும் அவதானிப்பு ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. நல்லுணவு உண்போரின் பிற பழக்கங்களும் நன்மைக்குக் காரணமாகலாம்.

2023 இல் வெளியான சோதனையில் 604 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு மைண்ட் உணவையும் மற்றது வழமையான உணவையும் உண்டன. இரண்டிலும் கலோரி சற்றுக் குறைக்கப்பட்டது. 3 ஆண்டுகளின் முடிவில் இரு குழுக்களின் அறிதிறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே இவ்வுணவுமுறை மறதிநோயைத் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.