ரோட்டில் சொட்டிய எண்ணெய்

டர்போ வைத்த கார் உங்களிடம் இருக்கிறதா? ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டதா? அப்படியானால் என்றைக்காவது ஒருநாள் மெக்கானிக் உங்களைக் கூப்பிடுவார். காரின் முன்பக்கத்திலிருந்து கழற்றிய ஓர் அலுமினியப் பெட்டியைச் சாய்த்துக் காட்டுவார். உள்ளேயிருந்து கறுப்பாக எண்ணெய் வடியும். ‘பாத்தீங்களா சார், டர்போ போச்சு’ என்பார். பிறகு ஒரு தொகையைச் சொல்வார்.

அந்தத் தொகையைக் கேட்டு மயங்கி விழுவதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்த எண்ணெய்க்கு எண்பது வருஷத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு. அதை முன்னிட்டு சட்டம் போட்டிருக்கிறார்கள். போட்ட சட்டத்தில் ஓட்டையும் போட்டிருக்கிறார்கள்.

முதலில் பெட்டி. அதன் பெயர் இன்டர்கூலர். 1905-ல் ஆல்ஃபிரட் பியூக்கி என்கிற சுவிட்சர்லாந்து என்ஜினீயர், என்ஜினிலிருந்து வீணாக வெளியே போகிற புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதன் மறுமுனையில் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். அதுதான் டர்போ. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறதல்லவா? அதே கதைதான் இங்கேயும். அமுக்கிய காற்று நூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். சூடான காற்று உப்பிக்கொண்டு இடத்தை அடைக்கும், ஆக்ஸிஜன் குறையும். எனவே வழியில் ஒரு ரேடியேட்டர் மாதிரி வைத்து அதைக் குளிர வைத்து அனுப்புகிறார்கள். காற்று போகிற பாதை. அங்கே எண்ணெய்க்கு என்ன வேலை?

இதற்குப் பதில் சொல்ல லாஸ் ஏஞ்சலீஸ் போகவேண்டும்.

1943 ஜூலை. உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ஒருநாள் ஊரையே புகைமூட்டம் மூடிக்கொண்டது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் நம்பினார்கள். பிறகு, ஊருக்குள் இருந்த செயற்கை ரப்பர் தொழிற்சாலைதான் காரணம் என்றார்கள். அதை மூடிப் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை.

புதிரை அவிழ்த்தவர் ஹாகன்-ஸ்மித் என்கிற டச்சு விஞ்ஞானி. அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! பழத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க் காற்றைப் பிடித்துப் பரிசோதித்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் காய்ந்து ஓஸோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். எங்கிருந்து வந்தது அந்த ஆவி? பெரும்பங்கு கார்களிலிருந்து.

கார் என்றால் பின்னால் இருக்கும் சைலன்ஸர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிஸ்டனைச் சுற்றி எத்தனை ரிங் போட்டாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியத்தான் செய்யும். அங்கே ஆயில் தொட்டி இருக்கிறது. வாயு, ஆயில் துளிகளையும் சேர்த்துக்கொண்டு வெளியேறத் துடிக்கும். விடாவிட்டால் சீலைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு சுலப வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒரு குழாய். ஒரு முனை என்ஜினில், மறுமுனை ரோட்டைப் பார்த்து. அவ்வளவுதான். அமெரிக்க ரோடுகளில் லேனுக்கு லேன் நடுவில் கறுப்புக் கோடு விழுந்திருந்ததாம். கார் கக்கும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வந்தது.

1961-ல் கலிபோர்னியா உத்தரவு போட்டது. குழாயைத் திருப்பு. உன் என்ஜின் மூச்சை உன் என்ஜினே குடிக்கட்டும். வெறும் ஒரு ஹோஸும் வால்வும், சல்லிசான சமாச்சாரம். இரண்டே வருஷத்தில் அமெரிக்கப் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. இத்தனை மலிவான பொருள் வர ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அமெரிக்க அரசும் கேட்டது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளைத் தாமதப்படுத்த பெரிய கார் கம்பெனிகள் கூடிப் பேசிக்கொண்டன என்று 1969 ஜனவரியில் வழக்கே போட்டது. அதே வருஷம் சமரசத்தில் முடித்துக்கொண்டார்கள்.

பெட்ரோல் கார்களில் பிரச்னை இல்லை. திரும்பிப் போன ஆவி எரிந்துவிடும். சிக்கல், டர்போ வந்த பிறகுதான். டர்போவுக்குப் பின்னால் இருப்பது அமுக்கப்பட்ட காற்று. அங்கே எதையும் நுழைக்க முடியாது. ஆகவே குழாயை டர்போவுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கவேண்டியிருக்கிறது. ஆயில் துளிகள் டர்போவில் நுழைந்து, சூடாகி, குளிர்ந்த இன்டர்கூலருக்கு வந்து சேரும். இட்லிப் பானை மூடியில் நீர் கோத்துக்கொள்கிற மாதிரி எண்ணெய் கோத்துக்கொள்ளும்.

பெரிய டீசல் என்ஜின் செய்கிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘அந்த ஆவியைத் திருப்பிவிட்டால் எங்கள் டர்போவும் கூலரும் பிசுபிசுத்துப் போகும்’ என்றார்கள். அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. டர்போ வைத்த கனரக டீசல் என்ஜின்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அது 2007 வரை நீடித்தது! கூலருக்குள் சேரவேண்டிய அழுக்கு, அதுவரை ஊர்க்காரர்களின் நுரையீரலில் சேர்ந்தது. நான் படித்தது பி.காம். எங்கள் பாஷையில், செலவு ஒழியவில்லை, கணக்குத் தலைப்புதான் வேறு.

இப்போது நம்ம ஊர். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து இடதுபக்கம் திரும்பினால் ஒரகடம். 1998-ல் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோ செய்ய ஆரம்பித்தபோது அதில் டர்போ கிடையாது. 2002-ல் டர்போ டீசலோடு ஆக்ஸென்ட் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள், அதே வருஷம் டஸ்டர். 2020-ல் நிஸான் மேக்னைட், ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கே டர்போ. ஆசைக்காக மட்டும் வைக்கவில்லை. சென்னைக்கு 2001-ல் பாரத் ஸ்டேஜ் இரண்டு, 2005-ல் மூன்று, 2010-ல் நான்கு, 2020-ல் நாடு முழுவதற்கும் ஆறு என்று கயிறு இறுகிக்கொண்டே வந்தது. சின்ன என்ஜின், குறைந்த புகை, பழைய பலம். மூன்றும் வேண்டுமென்றால் டர்போதான் கைகொடுக்கும்.

ஆகவே உங்கள் இன்டர்கூலரில் லேசாக எண்ணெய்ப் படலம் இருந்தால் பதற வேண்டாம். ரோட்டில் சொட்டியிருக்கவேண்டியது அங்கே இருக்கிறது. குளமாகத் தேங்கியிருந்தால்தான் விசாரிக்கவேண்டும். டர்போவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் சில்லறை ஆசாமிகளை விசாரிக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? பிரீத்தர் ஹோஸ், அதன் வால்வு சரியாக இருக்கிறதா? டர்போவிலிருந்து ஆயில் திரும்புகிற குழாயில் அடைப்பா? என்ஜினில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்களா? இத்தனையும் சரியென்றால், தண்டை ஆட்டிப் பார்த்துவிட்டு டர்போவைத் திட்டலாம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிற தண்டு அது. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

டீசல் காரில் அந்தக் குளத்தை அப்படியே விடுவது ஆபத்து. ஒருநாள் மொத்தமாக என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டால், டீசலுக்குப் பதில் எண்ணெயைக் குடித்தே என்ஜின் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருகி எடுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கழுவும்போதும் இதே எச்சரிக்கைதான். கூலரைத் தனியாகக் கழற்றி, மண்ணெண்ணெயோ டிகிரீஸரோ ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை கொட்டி, வடிய வைத்து, ஒரு சொட்டுகூட இல்லாமல் காய்ந்த பிறகுதான் மாட்டவேண்டும். ஹோஸ்களையும் துடைக்கவேண்டும்.

சில புத்திசாலிகள் இன்னொரு யோசனை சொல்வார்கள். ‘சார், இந்தப் பிரீத்தர் ஹோஸைக் கழட்டி கீழே விட்டுடலாம். கூலர் பளபளன்னு இருக்கும்.’ இருக்கும்தான். 1961-க்கு முந்தைய லாஸ் ஏஞ்சலீஸும் நம் தெருவுக்கு வந்துவிடும்.

கழுவிய கறுப்புத் தண்ணீருக்கும் இதே வழக்கு. கழிவு எண்ணெய், சட்டப்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும். நடைமுறையில் பல ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கடை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் வருகிறது. அடுத்த முறை பில்லை வாங்கும்போது, கழுவியதை எங்கே கொட்டினீர்கள் என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.