செத்த கணினிக்குள் சாகாமல் கிடப்பவை

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் பழைய கணினி ஒன்று எங்கேயாவது கிடக்கும். நிலக்கீழ் அறையிலோ, கராஜிலோ, படிக்கட்டின் கீழோ. கேட்டால் “அது செத்துப்போச்சு” என்பார்கள். சுவிட்சை அழுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான் அவர்கள் செய்த பரிசோதனை. பிறகு வீடு மாறும்போது அது குப்பைக்குப் போகும். அதோடு சேர்த்து 1990களில் ரைப் பண்ணிய கடிதங்கள், ஊர்ச்சங்க மலர்கள், அகதி வழக்குக்காக எழுதிய வாக்குமூலங்கள், முதல் டிஜிட்டல் படங்கள் எல்லாம் போகும்.

பழைய கணினிகளைத் திருத்துவது எனக்குத் தொழில் அல்ல. பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் திறந்து பார்த்த ‘செத்த’ கணினிகளில் பெரும்பாலானவற்றில் செத்தது மின்சாரம் வருகிற வழி மட்டும்தான். எழுதியவை இருக்கும் இடம் வேறு, மின்சாரம் வரும் இடம் வேறு. அந்த வழியின் வரலாறு தெரிந்தால் பழுது எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1975இல் வந்த ஆல்ரெயர் 8800 போன்ற ஆரம்பக் கணினிகளில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தது பெரிய இரும்பு ரான்ஸ்போமர். பாரம் அதிகம், சூடு அதிகம். ஆனால் அமைப்பு எளிது. 1977இல் வந்த ஆப்பிள் 2 இந்த முறையை மாற்றியது. அதன் பவர் சப்ளையை வடிவமைத்தவர் ரொட் ஹோல்ற். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, அதை ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன ரான்ஸ்போமர் ஒன்றுக்குள்ளால் அனுப்பும் ‘சுவிட்சிங்’ முறை அது. விண்வெளி, இராணுவக் கருவிகளில் 1960களிலேயே இருந்த முறைதான். ஆப்பிள் அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. பெட்டி சிறிதாகியது, பாரம் குறைந்தது. ஆனால் பழுதாகக்கூடிய பாகங்கள் கூடின.

1981இல் ஐ.பி.எம் பி.சி வந்தது. அதன் பவர் சப்ளை 63.5 வாற் மட்டுமே. இன்றைய மடிக்கணினி ஒன்றின் சார்ஜர் அளவு. 1983இன் எக்ஸ்.ரி 130 வாற், 1984இன் ஏ.ரி 192 வாற். இந்த வரிசையில் வந்த முக்கியமான ஏற்பாடு ‘பவர் குட்’ என்ற ஒற்றைக் கம்பி. எல்லா வோல்ற்றும் சரியாக வந்துவிட்டது என்று பவர் சப்ளை இந்தக் கம்பியில் சொன்னால்தான் மதர்போர்ட் வேலையைத் தொடங்கும். காற்றாடி சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது என்றால், இந்தச் சம்மதம் கிடைக்கவில்லையா என்பது பார்க்க வேண்டிய விடயங்களில் ஒன்று.

ஏ.ரி காலத்துக் கணினிகளில் மதர்போர்டுக்கு இரண்டு இணைப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் போகும். பி8, பி9 என்று பெயர். இரண்டையும் இடம்மாற்றிக் குத்தவும் முடியும். குத்தினால் மதர்போர்ட் போய்விடும். கறுப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் ஒன்றுசேர வேண்டும் என்பது அந்தக் காலத்துத் திருத்துநர்களின் வேதவாக்கு. இன்னொரு ஆபத்தும் உண்டு. 1990களில் வந்த அநேகமான ஏ.ரி பெட்டிகளில் முன்பக்கச் சுவிட்சுக்குப் போகும் தடித்த கம்பியில் சுவர் மின்சாரமே ஓடுகிறது. பிளக்கைக் கழற்றாமல் அதில் கைவைக்கக்கூடாது.

1995இல் இன்ரெல் ஏ.ரி.எக்ஸ் முறையை வெளியிட்டது. இரண்டு இணைப்பிகளுக்குப் பதில் 20 முனைகள் கொண்ட ஒன்று, ஒரே பக்கமாகத்தான் குத்தலாம். சுவிட்ச் இப்போது மின்சாரத்தை வெட்டுவதில்லை, மதர்போர்டுக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. மதர்போர்ட் பச்சைக் கம்பியை நிலத்தோடு இணைத்தால் பவர் சப்ளை எழும்பும். ஊதாக் கம்பியில் 5 வோல்ற் எப்போதும் காவல் இருக்கும். அதாவது நீங்கள் நிற்பாட்டிவிட்டதாக நினைக்கும் கணினி பிளக் குத்தியிருக்கும்வரை அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்தக் காவல் மின்சாரத்தைக் கொடுக்கும் சிறிய சுற்று வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து முதலில் காய்ந்துபோவது அடிக்கடி நடப்பது.

இனிப் பழுது பார்ப்பதற்கு வருவோம். முதலில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

ஒரு அசைவும் இல்லையா? சுவர், வயர், பியூஸ், பின்பக்கச் சுவிட்ச் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஏ.ரி.எக்ஸ் என்றால் ஊதாக் கம்பியில் 5 வோல்ற் இருக்கிறதா என்று மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். இல்லையென்றால் பழுது பவர் சப்ளையில்.

காற்றாடி ஒரு துள்ளல் துள்ளி நிற்கிறதா? எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. 1980களின் மதர்போர்டுகளில் உள்ள ரன்ரலம் கப்பாசிற்றர்கள் இதற்குப் பேர்போனவை. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கார்டுகள், டிஸ்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிறகு ஒன்றொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்க்கும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஆனால் சுமையே இல்லாமல் தனியே வைத்தால் பழைய பவர் சப்ளை பல எழும்பாது. அதைப் பழுது என்று முடிவுகட்டக்கூடாது.

ஐந்தாறு தடவை அழுத்தினால்தான் எழும்புகிறதா? கப்பாசிற்றர்கள் காய்ந்துவிட்டன. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட ஏராளமான மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் தரங்குறைந்த கப்பாசிற்றர்கள் இருந்தன. ‘கப்பாசிற்றர் கொள்ளைநோய்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்தச் சிறிய உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால், மண்ணிறக் கசிவு தெரிந்தால் அவை முடிந்துவிட்டன. புதியதை ஈயத்தால் ஒட்டினால் மதர்போர்ட் பெரும்பாலும் உயிர்பெறும்.

பத்து இருபது வருடம் கிடந்த கணினியை எடுத்தவுடன் பிளக்கில் குத்தாதீர்கள். 1980களின் பவர் சப்ளைகள் பலவற்றில் மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதக் கப்பாசிற்றர்கள் இருக்கும். உறை வெடித்து ஈரம் உறிஞ்சிய பிறகு மின்சாரம் பட்டால் வீடு முழுக்க நாற்றப் புகை. 286, 386, 486 மதர்போர்டுகளில் பீப்பா வடிவ நிக்கல்-கட்மியம் பற்றரி கசிந்து செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். முதலில் திறந்து பார்ப்பதுதான் அறிவு.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பழுது உண்டு. அதுதான் பின்பக்கத்துச் சின்னச் சிவப்புச் சுவிட்ச். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. நான் வாழும் கனடாவில் சுவர் மின்சாரம் 120 வோல்ற். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் 230. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது ஊருக்குப் போனவர்களில் சிலர் கணினியும் கொண்டுபோனார்கள். சுவிட்சை மாற்றாமல் அங்கே குத்தினால் ஒரு வெடிச்சத்தம், அத்தோடு முடிந்தது. காரணம் இதுதான்: 115 பக்கத்தில் அந்தச் சுவிட்ச் உள்ளே வோல்ற்றை இரட்டிப்பாக்குகிறது. 230ஐக் கொடுத்தால் அது 650 வோல்ற் அளவுக்கு ஏறும். உள்ளிருக்கும் இரண்டு பெரிய கப்பாசிற்றர்களும் தலைக்கு 200 வோல்ற் தாங்குபவை. மறுபக்கமாக, 230இல் வைத்துக் கனடாவில் குத்தினால் சேதம் இல்லை, எழும்பாது, அவ்வளவுதான். அப்படிச் ‘செத்துப்போன’ கணினியைச் சுட்டுவிரலாலேயே உயிர்ப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கிற வேலையை அனுபவம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கப்பாசிற்றர்களில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லும். பெட்டியை அப்படியே மாற்றுவது பாதுகாப்பானது. 1995க்குப் பிந்திய கணினிகள் பலவற்றுக்குப் புதிய ஏ.ரி.எக்ஸ் பொருந்தும். ஆனால் இன்றையவை 12 வோல்ற்றில்தான் பலசாலிகள், பழைய மதர்போர்டுகள் கேட்பதோ 5 வோல்ற். வாற் கணக்கை மட்டும் பார்க்காமல் 5 வோல்ற்றில் எத்தனை அம்பியர் என்பதையும் ஸ்ரிக்கரில் பார்த்து வாங்குங்கள். சில கம்பனிகள் ஏ.ரி.எக்ஸ் போலவே தோன்றும் இணைப்பியில் கம்பிகளை வேறுவிதமாக அடுக்கிய காலமும் இருந்தது. நிறங்களை ஒப்பிடாமல் குத்தக்கூடாது.

இதெல்லாம் முடியாதென்றால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். 1990களின் ஐ.டி.ஈ டிஸ்குகளை யூ.எஸ்.பி மூலம் இன்றைய கணினியில் இணைக்கும் அடப்ரர் மலிவு விலையில் கிடைக்கிறது. எழும்பினால் உடனே முழுப்பிரதி எடுங்கள், பிறகு ஆறுதலாகப் பாருங்கள். கோப்புகளைத் திறந்ததும் தமிழ் இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணியதாக இருக்கலாம். யுனிகோடுக்கு மாற்றினால் தமிழ் திரும்பி வரும்.

1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அன்று எல்லோரிடமும் இருந்தது. இங்கே வந்து, கடையில் புதியது மலிவு என்றவுடன் அந்தக் கேள்வியை மறந்துவிட்டோம். இரும்பும் பிளாஸ்ரிக்கும் போனால் போகட்டும். எழுதிய கையெழுத்துப் பிரதி, படம், நூலகம் என்று ஏற்கெனவே எவ்வளவோ எரியக் கொடுத்தவர்கள், மிஞ்சியதை ஒரு பியூசுக்காக நாங்களே குப்பையில் போடுவது என்ன நியாயம்?