அடுத்தவர் வேதம்

புதுச்சேரிக்கு வேதபுரி என்று ஒரு பெயர் உண்டு. தெற்கே கிராமங்களில் 'வேதக்காரர்' என்றால் கிறிஸ்தவர். 'வேதத்தில் சேர்ந்துவிட்டான்' என்றால் ஞானஸ்நானம் பெற்றுவிட்டான். ரிக்கும் யஜுரும் ஓதுகிறவர்களிடமிருந்து அந்தச் சொல் எப்படிக் கைமாறியது என்று நாம் யோசிப்பதில்லை. இதற்கு வெகுகாலம் முன்பே ஒரு புத்தகம் கைமாறியது. அது யூதர்களின் புத்தகம். அந்தக் கைமாற்றம் பற்றிய வழக்கின் ஒரு கிளை புதுச்சேரி வரை வந்திருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வழக்கு இதுதான். எபிரேயத் தீர்க்கதரிசிகள் வரப்போகும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள்: மேசியா, எண்ணெய் வார்க்கப்பட்டவர், தாவீதின் வம்சத்தவர். அவர் வந்துவிட்டார், அவரே இயேசு என்பது கிறிஸ்தவர் கட்சி. மேசியா வந்திருந்தால் உலகத்தில் போர் ஓய்ந்திருக்க வேண்டும், ஓயவில்லையே என்பது யூதர் கட்சி. ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தில் அடிபட்டு, அவமானப்பட்டு வாய் திறவாமல் இருக்கும் ஊழியனைச் சிலுவையில் தொங்கியவராகப் பார்த்தார்கள் கிறிஸ்தவர்கள். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியோ அந்த ஊழியன் இஸ்ரவேல் ஜனமேதான் என்றார். அவர் காலத்து ஐரோப்பாவைப் பார்த்தால் அந்த உரைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மிகப் பழைய சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. ஏசாயா 7ஆம் அதிகாரம். எருசலேமை இரண்டு அரசர்கள் நெருக்குகிறார்கள். நடுங்கும் ஆகாஸ் ராஜாவிடம், பிறக்கப்போகும் ஒரு பிள்ளை அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அதன் தாயைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'அல்மா', இளம்பெண். கிரேக்கத்தில் அது 'பார்த்தெனோஸ்', அதாவது புருஷனை அறியாதவள், என்று ஆயிற்று. மத்தேயு எடுத்தாண்டது கிரேக்கத்தை. ஆகாஸுக்குச் சொன்ன அடையாளம் அவன் செத்து ஏழு நூற்றாண்டு கழித்து நிகழ்ந்தால் அவனுக்கு அதனால் என்ன லாபம் என்று யூதர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தமிழில் இந்தச் சண்டை கூர்மை குறைந்து போயிருக்கும். நம் 'கன்னி' இரண்டு பக்கமும் சாய்கிற சொல். பருவப்பெண்ணும் கன்னி, மணமாகாதவளும் கன்னி, முதல்முறை சபரிமலை ஏறுகிற ஐம்பது வயதுக்காரரும் கன்னிச்சாமி. 1995இல் வந்த திருவிவிலியம் ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவில் 'கன்னி' என்றும் போட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருஷ வழக்கின் இரு தரப்பும் ஒரே அட்டைக்குள் அடங்கிவிட்டன.

இது புதுச்சேரிக்கு வந்த வழி விசித்திரமானது. 1652இல் ஆம்ஸ்டர்டாமில் பியேர் தானியேல் உவே என்ற பிரெஞ்சு இளைஞர் மெனாஸே பென் இஸ்ரேல் என்ற ரப்பியுடன் மதவிஷயமாகப் பேசுகிறார். மெனாஸே சாதாரண ஆளில்லை. இஸ்ரவேலின் சிதறிய கோத்திரங்கள் பற்றியும் வரப்போகும் மீட்பு பற்றியும் 1650இல் நூல் எழுதியவர், பின்னால் யூதர்களை இங்கிலாந்தில் குடியேற விடும்படி கிராம்வெல்லிடம் மன்றாடியவர். அந்தப் பேச்சு உவேயை உறுத்திக்கொண்டே இருந்தது. 1679இல் தீர்க்கதரிசனங்களை வைத்துக் கிறிஸ்தவத்தை நிரூபிக்கும் ஒரு பெரும் லத்தீன் நூலாக அது வெளிப்பட்டது. அதில் உவே ஒரு படி மேலே போனார்: புறஜாதியாரின் தெய்வங்கள் எல்லாம் மோசேயின் திரிந்த நிழல்கள்!

ஆவ்ரான்ஷ் நகர பிஷப்பாகிவிட்ட அந்த உவேக்குத்தான் நம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் பூஷே பாதிரியார். மதுரை மிஷனில் உழைத்து, பிறகு புதுச்சேரியை நிலைக்களனாகக் கொண்ட பிரெஞ்சு சேசு சபையாரின் கர்நாடக மிஷனுக்குத் தலைவரானவர். பிரம்மா என்பது ஆபிரகாம், சரஸ்வதி என்பது சாராள், ஆற்றைக் கடந்து காப்பாற்றப்பட்ட கிருஷ்ணனிடம் மோசேயின் சாயல், அரிச்சந்திரன் யோபு என்று அடுக்குகிறார். சிரிப்பது சுலபம். ஆனால் பாதிரியார் அரிச்சந்திரன் கதையைக் கவனமாகக் கேட்டிருக்கிறார். தேவசபையில் பந்தயம், நல்லவன்மேல் சோதனை என்ற அமைப்பை இரண்டு கதையிலும் கண்டது கூர்மையான வாசிப்புதான். கண்ட பிறகு அவர் எடுத்த முடிவில்தான் கோளாறு. ஒத்திருக்கிறது, ஆகவே எங்களுடையதிலிருந்து எடுத்தது, ஆகவே அதன் பொருள் எங்களுக்குத்தான் தெரியும். யூதனிடம் பழகிய வாதம் இது. யூதர்கள் நமக்காகப் புத்தகம் சுமந்து வருகிறவர்கள் என்று அகஸ்டின் சொன்ன காலத்திலிருந்தே புத்தகம் ஒருவருடையது, அர்த்தம் இன்னொருவருடையது.

இந்த வாதம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1748 செப்டம்பரைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரம். சேசு சபையாரின் சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கேர்தூ பாதிரியார் சம்மட்டியோடு வந்து லிங்கத்தை உதைத்து உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். இதே கேர்தூதான் இருபது வருஷம் கழித்து, சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு குடும்பம் என்று பாரிஸுக்கு எழுதினார், வில்லியம் ஜோன்ஸ் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே. ஒரே மனிதர். உறவைக் கண்டுபிடித்த கையும் சம்மட்டி பிடித்த கையும் ஒன்று என்பதை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

பிறகு எசூர் வேதம். 'யஜுர்' என்பதன் பிரெஞ்சு உருவம். மோதாவ் என்ற பிரெஞ்சுக்காரர் 1760இல் இதை வால்டேரிடம் கொடுக்க, அவர் அடுத்த வருஷம் அரசரின் நூலகத்தில் சேர்த்தார், 1778இல் அச்சாயிற்று. வியாசருக்கும் சுமந்துவுக்கும் நடக்கும் சம்பாஷணை. வியாசர் புராணக் கதைகளைச் சொல்லிக் கேட்பார். சுமந்து அதெல்லாம் பொய், தெய்வம் ஒன்றே என்று திருத்துவார். கிறிஸ்துவின் பெயர் இல்லை. அவருக்கு நிலம் உழுது வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அலெக்சாந்தருக்கு முந்தியது என்று நம்பிய வால்டேர் அதை யூதர்மேல் வீசினார்: இதோ இந்தியனின் ஆதிமனிதன், பழையவன், உங்கள் ஆதாம் திருட்டு! யூதர்களிடமிருந்து புத்தகத்தின் பொருளைப் பாதிரிகள் பறித்தார்கள்; பழமையை, பாதிரிகளின் கைச்சரக்கைக் கொண்டே, நாத்திகர் என்று பேர் வாங்கியவர் பறித்தார். குட்டு 1822இல் வெளியான கட்டுரையில் உடைந்தது. எழுதியவர் நம் எல்லீசன்தான். அப்போது அவர் உயிரோடில்லை. புதுச்சேரி மிஷனில் மற்ற வேதங்களின் பேரிலும் இதே மாதிரிப் பிரதிகள் இருப்பதை அவர் பார்த்திருந்தார். பழியை நொபிலிமேல் போட்டது மட்டும் பிசகு. 1984இல் லூடோ ரோஷர் எழுதிய நூல் அதை பிரெஞ்சு சேசு சபையாரின் வேலை என்கிறது. எவருடைய கை என்பது தீரவில்லை.

எவருடைய கை என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வியாசரின் பதில்களை யார் எழுதினார் என்பது. எதிராளியின் வசனத்தையும் பாதிரியாரே எழுதிவிட்டார். இதற்கும் முன்மாதிரி உண்டு. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், திரிஃபோ என்ற யூதருடன் தாம் நடத்தியதாக ஒரு சம்பாஷணை எழுதினார். மேசியா பற்றிய அந்த நீண்ட வாதத்தில் திரிஃபோ பேசுவதெல்லாம் ஜஸ்டின் பேனாவிலிருந்து வருவது. நிஜ யூதர் நிஜமாகப் பதில் சொன்ன இடம் 1263, பார்ஸிலோனா. அரகோன் அரசர் முன்னால், மதம் மாறிய பாப்லோ கிறிஸ்தியானிக்கு எதிராக நாஹ்மானிடிஸ் பேசினார். இயேசு காலம் முதல் இன்றுவரை உலகம் கொள்ளையாலும் கொலையாலும் நிறைந்திருக்கிறதே என்றார். அரசர் பேச அனுமதி தந்திருந்தார். ஆனாலும் முதியவர் சில வருஷத்தில் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது.

நம் கதையில் யூதர் எவரும் புதுச்சேரிக்கு வருவதில்லை. கொச்சியில் இருந்தார்கள், பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. 1806 முதல் 1808க்குள் அங்கே போன பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டினார். அவற்றில் ஒன்று புதிய ஏற்பாடு, எபிரேய மொழிபெயர்ப்பில். அதைச் செய்தவர் ஒரு யூத அறிஞர், மறுப்பதற்காகவே மொழிபெயர்த்தார் என்று புக்கானனே சொல்கிறார். எதிராளியின் புத்தகத்தை, எதிராளியின் வார்த்தைகளைத் தன் வார்த்தையாக்காமல், தன் பாஷையில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு சண்டைக்குப் போவது. எசூர் வேதம் செய்தவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை? புக்கானன் அந்தப் பிரதியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இப்போது அது கேம்பிரிட்ஜில் இருக்கிறது.