முகமில்லா ஓடம்

காவிரிக் கரையில் வாழும் பேறு பெற்றவர்கள் நாம். மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் சீரங்கப்பட்டணத்தில் அந்த ஆற்றைக் காணலாம். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கும் அது அயலாகத் தோன்றுவதில்லை. அணைகளையும் கோயில்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். ஆயினும், பாலங்கள் எழும் முன் இவ்வாற்றை மக்கள் எவ்வாறு கடந்தனர் என்பதை எடுத்துரைப்போர் சிலரே. அந்த வரலாற்றின் நாயகன் பரிசல்.

கங்கையில் பாய் விரித்து நெடுந்தொலைவு சென்ற படகுகளைப் போன்றவை மைசூர்ச் சீமைக் காவிரியில் ஓடியதில்லை. ஓடவும் இயலாது. வழியெங்கும் பாறை, ஆங்காங்கே அணைக்கட்டு, கீழே சிவசமுத்திரத்தில் அருவி, அதற்கும் கீழே மேகதாட்டு இடுக்கு, பிறகு ஒகேனக்கல். ஆகவே இங்கே ஆறு நெடுவழியாக அமையவில்லை. கரைக்குக் கரை கடக்கும் துறைகளின் வரிசையாகவே அமைந்தது. அத்துறைகளுக்கு ஏற்ற கலம் பரிசல். கன்னடத்தார் அதனை ஹரிகோலு என்பர்.

மூங்கிற் பிளாச்சுகளை வட்டக் கூடையாக முடைந்து, வெளிப்புறத்தைத் தோலால் போர்த்தினால் பரிசல் ஆயிற்று. ஆணி வேண்டா, பெருமரம் வேண்டா. பாறையில் உரசினால் வளைந்து கொடுக்குமேயன்றி மரப்படகைப்போல் எளிதில் பிளவுறாது. ஆழமில்லா நீரிலும் மிதக்கும். வேலை முடிந்தால் ஒருவரே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். இக்காலத்தில் தோலுக்கு மாறாகத் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்துவிட்டன, வடிவம் மாறவில்லை.

வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட ஓடங்கள் இயங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பரிசலுக்கோ முகமே இல்லை. முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. ஏறியவர் அனைவரும் வட்டமாக, ஒருவரையொருவர் நோக்கியே அமர வேண்டும்.

இக்கலத்தை வியந்து எழுதிய வெளிநாட்டார் உளர். 1520-ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் மக்கள் கூடை ஓடங்களில் கடந்ததைக் குறித்துள்ளார். 15 முதல் 20 பேர் வரை அவற்றில் ஏறினராம். மற்றப் படகுகளைப்போல் நேரே செல்லாமல் அவை சுழன்றுகொண்டே சென்றன என்றும் அவர் எழுதினார். அவருக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ், பாபிலோனுக்கு வந்த வட்டத் தோல் ஓடங்களைப்பற்றிக் கூறியுள்ளார். ஆற்றின் வேகத்தை எதிர்த்துத் திரும்ப இயலாமையால், சரக்கை விற்றபின் தோலைக் கழுதைமேல் ஏற்றி வணிகர் தரைவழியே ஊர் திரும்பினராம். வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் இவ்வினத்துச் சிறு கலங்களில் மீன் பிடித்தனர். ஒரே தேவை எழுந்த இடமெல்லாம் ஒரே வடிவம் தோன்றியது போலும்!

படைகளும் பரிசலை நம்பின. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் அதிகாரம் செலுத்திய ஆர்தர் வெல்லெஸ்லி, 1803-இல் மராட்டியர்மீது படையெடுத்தபோது, மழைக்கால வெள்ளத்தில் ஆறுகளைக் கடக்கக் கூடை ஓடங்களையே அமைப்பித்தார். அடுத்த ஆண்டே, திவான் பூர்ணையாவின் காலத்தில், சீரங்கப்பட்டணத்தில் காவிரிமேல் கல்தூண் பாலம் எழுந்தது. அவருடைய தமையனாரான கவர்னர் ஜெனரலின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பாலங்கள் பெருகப் பெருகத் துறைகளின் ஆரவாரம் குறைந்தது. அதனை இழப்பென்று மட்டும் சொல்லலாகாது. வெள்ளக் காலத்தில் அக்கரையில் இருக்கும் மருத்துவரை அடையப் பாலத்தைவிடச் சிறந்தது எது?

ஆயினும் பரிசலின் ஆரவாரத்தை இன்றும் காண விழைவோர் ஒகேனக்கல் செல்லலாம். ஊர் தருமபுரி மாவட்டத்தில், எதிர்க்கரை கருநாடகத்தில். பெயரோ 'புகையும் கல்' என்று பொருள்படும் கன்னடச் சொல். அங்கே செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே பரிசல்கள் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. தின்பண்டம் விற்போரும் பரிசலிலேயே வந்து சேர்கின்றனர். ஒரு துடுப்பு, ஓர் ஓட்டுநர். அவர் சற்றே கை மாற்றினால் கலம் பம்பரமாய்ச் சுழலும். பிள்ளைகள் ஆர்ப்பரிப்பர், பெரியவர்கள் விளிம்பை இறுகப் பற்றுவர்.

அந்தத் துடுப்புக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1911-இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜசாகரத்திலும், 1974-இல் முடிவுற்ற கபினி அணையிலும் மதகு திறந்தால், அந்த நீரே ஒகேனக்கலை அடைகிறது. வெள்ளம் மிகுந்தால் ஆட்சியர் பரிசலுக்குத் தடை விதிப்பார். அன்று ஓட்டுநர் வீட்டில் வருவாய் இல்லை. நீர் வற்றினால் பாறை தட்டும். ஆண்டுதோறும் இரு மாநிலங்களிடையே எழும் நீர்க்கணக்கை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். இரு கரைக்கும் உறவான நம்மைப் போன்றோர் அந்நாட்களில் மனம் கனத்து வாழ்வதும் உண்டு.

அப்போதெல்லாம் பரிசலை நினைத்துக்கொள்வது நன்று. துறையில் ஏறுவோரை ஓட்டுநர் மொழி பார்த்து அமர்த்துவதில்லை. எடை பார்த்தே அமர்த்துகிறார். பருத்தவர் ஒருபுறம் என்றால் அவருக்கு நேரெதிரே இருவர். நடுவில் எவரேனும் சினந்து எழுந்து நின்றால் சாய்வது அவர் பக்கம் மட்டுமன்று. கலம் முழுவதுமே சாயும். இந்த எளிய உண்மையை அறிந்தே, முன்பின் அறியாதவர்கள் பல நூற்றாண்டுகளாய் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்து அக்கரை சேர்ந்தனர்.

வரும் விடுமுறையில் குடும்பத்தோடு பரிசல் ஏறுங்கள். உயிர்காப்புச் சட்டையை மறவாது அணியுங்கள். எதிரே அமர்ந்திருப்பவர் எம்மொழியினர் ஆயினும் முகம் பார்த்துப் பேசுங்கள். முகமில்லாத அந்த ஓடம் நமக்குச் சொல்வதும் அதுவே.