சத்துவாச்சாரி தூக்கிய பளு

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்குவார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடியும் கோட்டைக் கோயிலில் எழுந்தருளியதும் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தது. ஆனாலும் இல்லாததை எண்ணுகிற வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. இருப்பதில் ஒன்றை இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது நம் சத்துவாச்சாரிப் பக்கத்துப் பளு தூக்கும் பழக்கம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைப்புக்கு இந்தப் பக்கம் வந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். பளு தூக்குதலில் எனக்கு முதலில் பிடித்தது அதன் பெயர்கள்தான். பாரத்தை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவதை நம் பிள்ளைகள் 'ஸ்நாட்ச்' என்கிறார்கள். பிரெஞ்சில் அது 'அராஷே', அதாவது பிடுங்கியது. முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு மேலே தள்ளுவது 'கிளீன் அண்ட் ஜெர்க்'. பிரெஞ்சில் 'எப்போலே-ழெத்தே': தோளில் ஏற்றி எறிவது. இந்த விளையாட்டின் உலகச் சம்மேளனத்தை 1920-இல் ஒழுங்குபடுத்தி, அதன் தலைவராக இருந்தவர் ழூல் ரொஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர். என் வயதுக்காரர்களுக்கு மூன்றாவதாக 'பிரஸ்' என்ற முறையும் நினைவிருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். மீதி இரண்டிலும் ஆளுக்கு மும்மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் தூக்கியதில் அதிகமானதை எடுத்து இரண்டையும் கூட்டினால் மொத்தம். கணக்கு அவ்வளவுதான்.

பாரம் தூக்குவது நமக்குப் புதிதில்லை. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்பார்கள். நம் பக்கத்தில் அதோடு பட்டாளமும் சேர்ந்துகொண்டது. வேலூர் சுற்றுவட்டாரம் ராணுவத்துக்கு ஆள் கொடுக்கும் பூமி. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். பட்டாளத்தில் பழகிய கசரத்தை ஊர் திரும்பியதும் விட்டுவிட எல்லாருக்கும் மனம் வருவதில்லை. கம்பியும் தகடும் இருக்கிற இடத்தைத் தேடிப் போவார்கள். தெருப் பையன்கள் பின்னாலேயே போவார்கள்.

அப்படிப்பட்ட வீடு ஒன்றில்தான் 1992-இல் சதீஷ் சிவலிங்கம் பிறந்தார். அப்பா சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளு தூக்கியவர். ராணுவத்தை விட்டு வந்தபின் அவர் பார்த்தது பாதுகாவலர் வேலை. வாசலில் நின்று வருகிறவர் போகிறவரைப் பார்க்கிற உத்தியோகம். மகனைப் பளு தூக்க அழைத்துவந்ததும் அவர்தான்.

2014 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் போட்டி. 77 கிலோ எடைப் பிரிவில் சதீஷ் ஸ்நாட்சில் 149 கிலோ தூக்கினார். அது அந்தப் போட்டிகளின் சாதனை. அடுத்த முறையில் 179. மொத்தம் 328 கிலோ, தங்கம். வெள்ளி வாங்கியவரும் இந்தியர்தான்: ரவி கட்டுலு, 317 கிலோ. வீட்டுப் பெண்களுக்குப் புரிகிறபடி சொன்னால், 179 கிலோ என்பது 25 கிலோ அரிசி மூட்டை ஏழுக்கும் மேலே. தூக்கியவரோ 77 கிலோ ஆள். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 329 கிலோ தூக்கியும் 11-ஆம் இடம்தான். ஒலிம்பிக்குக்கும் காமன்வெல்த்துக்கும் உள்ள தூரம் அது.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய நாள் 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் வந்தது. அதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடையில் அடிபட்டிருந்தது. அது முழுக்க ஆறாமலேயே மேடை ஏறினார். ஸ்நாட்சில் 144 தூக்கினார். இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 தூக்கி ஒரு கிலோ முன்னால் நின்றார். இரண்டாம் முறையில் சதீஷ் 173 தூக்க, ஆலிவர் 167-ஓடு நின்றுவிட்டார். 317-க்கு 312, மறுபடியும் தங்கம். இந்த எண்ணைக் கவனியுங்கள். கிளாஸ்கோவில் வெள்ளிக்குக் கிடைத்த அதே 317. நான்கு வருடத்துக்கு முன் தூக்கியதைவிட 11 கிலோ குறைவாகத்தான் தூக்க முடிந்தது, ஆனால் ஜெயித்தார். உடம்பு முழுசாக ஒத்துழைக்கிற நாளில் ஜெயிப்பது ஒரு வகை. வலியோடு, எதிராளி எவ்வளவு தூக்குகிறான் என்று பார்த்து, தேவையானதைத் தூக்கி ஜெயிப்பது இன்னொரு வகை. வயதானவர்களுக்கு இரண்டாவதின் அருமை தெரியும்.

பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு விஷயமும் இருக்கிறது. சதீஷ் தெற்கு ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்தவர். நானும் எழுத்தராக இருந்தவன் என்பதால் அந்த வேலையின் மதிப்பு எனக்குப் புரியும். பளு தூக்குகிறவனுக்கு முட்டை, பால், கறி வேண்டும்; அடிபட்டால் வைத்தியம் வேண்டும்; தூக்க முடியாத மாதங்களிலும் சம்பளம் வேண்டும். கிரிக்கெட் போல இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர் கிடையாது. பதக்கத்துக்கும் பசிக்கும் நடுவில் நிற்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் ஒரு நியமன உத்தரவுதான். பளு தூக்கிய அப்பாவுக்கு வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. மகனுக்கு மேஜையும் நாற்காலியும் கிடைத்தன. ஒரு தலைமுறையில் நடந்த முன்னேற்றம் அவ்வளவு. அதுவும் சர்வதேசத் தங்கத்தோடு சேர்ந்து.

தங்கம் வாங்காத பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். மாவட்ட அளவில் மூன்றாவது, மாநில அளவில் ஐந்தாவது என்று நின்றுவிடுகிறவர்கள்தான் ஒரு கூடத்தில் அதிகம். ஆனால் கூடத்தை நடத்துவது அவர்கள்தான். காலையில் பூட்டைத் திறப்பது, தகடு எடுத்துக் கொடுப்பது, புதுப் பையனின் முதுகு வளைந்தால் அதட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. அவர்கள் இல்லாமல் ஒரு சதீஷ் வரமாட்டார்.

2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டை தனியானது. இடுப்பில் தோல் பட்டை கட்டாமல் பெரிய பாரத்தைத் தொடுகிறவர் குறைவு. காலிலும் குதிகால் உயர்ந்த தனிக் காலணி வேண்டும். தோலும் செருப்பும் செய்து உலகுக்கெல்லாம் அனுப்புகிற வட்டாரம் இது. மூன்று மாவட்டத்துக் கூடங்களுக்கும் பட்டையும் காலணியும் வாங்கிக் கொடுக்க இங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை.

உங்கள் பேரன் கம்பியைத் தூக்கப் போகிறேன் என்றால் இடுப்பு ஒடியும் என்று தடுக்காதீர்கள். ஒருநாள் கூடவே போய், அங்கே சொல்லிக்கொடுக்கிற பெரியவர் யார், எங்கே வேலை பார்த்தார், எத்தனை கிலோ தூக்கினார் என்று விசாரியுங்கள். அவர் பெயரை எழுதியும் வையுங்கள்.