பசையமற்ற பூசணி வாஃபிள்

பசையமற்ற பூசணி வாஃபிள் என்பது கோதுமை மாவுக்குப் பதிலாக அரிசி மாவு, கிழங்கு மாவுச்சத்து போன்றவற்றுடன் பூசணிக்கூழ், முட்டை, மோர், நறுமணப் பொருட்கள் ஆகியவற்றைக் கலந்து, கட்டம் கட்டமான பள்ளங்கள் கொண்ட சூடான இரட்டை அச்சில் வார்த்துச் சுடப்படும் உணவு வகையாகும். ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக இலையுதிர் காலத்தில், இது காலை உணவாக உண்ணப்படுகின்றது. குளூட்டன் எனப்படும் பசையத்தை உண்ண இயலாத சீலியாக் நோயாளிகளுக்காக இது வீடுகளில் செய்யப்படுகின்றது. இவர்களைப் பொறுத்தவரை கோதுமை மாவைத் தவிர்ப்பது மட்டும் போதாது. பாத்திரங்கள், அச்சு, பிற சேர்பொருட்கள் ஆகியவையும் பசையம் படாதவையாக இருத்தல் வேண்டும்.

பெயர்

வாஃபிள் என்னும் ஆங்கிலச் சொல் வாஃபல் என்னும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. இது தேன்கூட்டையும் நெசவையும் குறிக்கும் பழைய செருமானியச் சொற்களோடு தொடர்புடையது. வாஃபிளின் கட்ட அமைப்பு தேன்கூட்டை ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் பூசணி என்னும் பெயர் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. இவ்வுணவில் பயன்படுவது குக்கர்பிட்டா பேரினத்தைச் சேர்ந்த, ஆரஞ்சு நிறச் சதையுடைய காயாகும். இது தமிழகத்தில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி எனவும், இலங்கையில் பெரும்பாலும் பூசணி எனவும் அழைக்கப்படுகின்றது. சாம்பல் பூசணி, நீற்றுப்பூசணி எனப்படும் வெண்பூசணி வேறு பேரினத்தைச் சேர்ந்தது. நீர்த்தன்மை மிகுந்த அது இதற்கு ஏற்றதல்ல.

வரலாறு

வாஃபிள்

இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே மாவை வைத்து நெருப்பில் சுடும் முறை ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் இருந்து வந்துள்ளது. பீட்டர் புரூகல் 1559 ஆம் ஆண்டு வரைந்த, களியாட்டத்துக்கும் நோன்புக்கும் இடையிலான சண்டையைக் காட்டும் ஓவியத்தில் வாஃபிள்கள் இடம்பெற்றுள்ளன. டச்சுக் குடியேறிகள் மூலம் இவ்வுணவு வட அமெரிக்காவை அடைந்தது. நியூ யோர்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கொர்னேலியஸ் சுவார்ட்வௌட் அடுப்பின் மீது வைத்துத் திருப்பக்கூடிய வாஃபிள் அச்சுக்கு 1869 ஆகத்து 24 அன்று காப்புரிமம் பெற்றார். 20 ஆம் நூற்றாண்டில் மின்சார அச்சுகள் பரவலாயின. 1953 இல் எகோ என்னும் உறைநிலை வாஃபிள் கடைகளுக்கு வந்தது.

பூசணி

பூசணி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. மெக்சிக்கோவின் ஒவாக்கா மாநிலத்தில் உள்ள கிலா நாக்கிட்ஸ் குகையில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையான, பயிரிடப்பட்ட பூசணியின் விதைகள் கண்டெடுக்கப்பட்டன. அமேலியா சிம்மன்சு என்பவர் 1796 இல் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில் பூசணி இனிப்பு வகைகள் உள்ளன. இன்று ஐக்கிய அமெரிக்காவில் பூசணி விளைச்சலில் இலினொய் மாநிலம் முதலிடம் வகிக்கின்றது. டப்பாக்களில் அடைக்கப்படும் கூழுக்கு அங்கு பெரும்பாலும் டிக்கின்சன் என்னும் வகை பயன்படுகின்றது.

பசையமற்ற உணவு

1888 இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ சீலியாக் நோயைப் பற்றிய விளக்கமான குறிப்பை வெளியிட்டார். நோய்க்கு உணவே மருந்து என அவர் கருதினாராயினும் எந்த உணவு நோயைத் தூண்டுகின்றது என்பது அப்போது அறியப்படவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்க, கோதுமையே காரணம் என ஐயுற்றார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்காத அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளின் நிலை சீரடைந்ததும், மீண்டும் ரொட்டி கிடைத்தபோது நோய் திரும்பியதும் அவரது கருத்துக்கு வலுச்சேர்த்தன. 1950 இல் அவர் தமது ஆய்வேட்டை வெளியிட்டார். பின்னர் அவரும் உடன் பணியாற்றியோரும் கோதுமையின் பசையமே தீங்கு விளைவிக்கின்றது எனக் காட்டினர்.

பசையமும் சீலியாக் நோயும்

பசையம் என்பது கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டனின் ஆகிய புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது உருவாகும் மீள்தன்மையுள்ள பொருளாகும். வாற்கோதுமையில் ஒர்டீன், ரை தானியத்தில் செக்கலின் என்னும் ஒத்த புரதங்கள் உள்ளன. ரையும் கம்பும் ஒன்றல்ல. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, அரிசி ஆகியவற்றில் சீலியாக் நோயைத் தூண்டும் பசையம் இல்லை. ஆனால் ரவை, மைதா, சேமியா முதலியவை பொதுவாகக் கோதுமையிலிருந்தே செய்யப்படுகின்றன.

சீலியாக் நோய் ஓர் ஒவ்வாமை அன்று. அது தன்னெதிர்ப்பு நோயாகும். பசையம் உண்ணப்படும்போது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது. அங்கே விரல் போல நீண்டு சத்துக்களை உறிஞ்சும் நுண்ணிய உறிஞ்சிகள் தட்டையாகின்றன. இதனால் வயிற்றுப்போக்கு, எடை குறைதல், இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு முதலியன ஏற்படலாம். சிலருக்கு வெளிப்படையான அறிகுறிகள் எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். உலக மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. வாழ்நாள் முழுவதும் பசையத்தை அறவே தவிர்ப்பதே இதற்கான மருத்துவம்.

2007 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பசையத்தை மூன்று மாதம் உட்கொண்ட நோயாளிகளின் குடற்சுவர் பாதிக்கப்படுவது அறியப்பட்டது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் 2 கிராமுக்கும் கூடுதலான பசையம் இருக்கும் என்பதால், 50 மில்லிகிராம் என்பது சில துணுக்குகளின் அளவேயாகும். பன்னாட்டு உணவுத் தரநூலான கோடெக்சு அலிமென்டாரியசும், ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2013 இல் வெளியிட்ட விதியும், ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமை பசையமற்றது என்னும் சிட்டைக்கு எல்லையாக வைத்துள்ளன.

நோய் இருக்கலாம் என ஐயுறுவோர் மருத்துவச் சோதனைக்கு முன்பே பசையத்தை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் இரத்தச் சோதனையும் குடல் திசுச் சோதனையும் நோயைக் காட்டாமற் போகக்கூடும்.

தேவையான பொருட்கள்

பின்வரும் அளவு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாஃபிள்களுக்குப் போதுமானது. தேக்கரண்டி 5 மில்லிலீட்டரும், மேசைக்கரண்டி 15 மில்லிலீட்டரும் கொள்ளும்.

* தவிட்டரிசி மாவு (நன்கு நைசாக அரைத்தது) - 150 கிராம்
* உருளைக்கிழங்கு மாவுச்சத்து - 60 கிராம்
* மரவள்ளி மாவுச்சத்து - 30 கிராம்
* சாந்தன் பிசின் - அரைத் தேக்கரண்டி
* பேக்கிங் பவுடர் - 2 தேக்கரண்டி
* சமையல் சோடா - அரைத் தேக்கரண்டி
* உப்பு - அரைத் தேக்கரண்டி
* பழுப்புச் சர்க்கரை - 2 மேசைக்கரண்டி
* இலவங்கப்பட்டைத் தூள் - ஒன்றரைத் தேக்கரண்டி
* சுக்குத்தூள் - 1 தேக்கரண்டி
* சாதிக்காய்த் தூள் - கால் தேக்கரண்டி
* கிராம்புத் தூள் - ஒரு சிட்டிகை
* பூசணிக்கூழ் - 180 கிராம்
* முட்டை - 3
* புளித்த மோர் - 240 மில்லிலீட்டர்
* உருக்கிய வெண்ணெய் - 60 கிராம்

அமெரிக்கச் சமையலில் மோர் எனப்படுவது நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைக்கப்பட்ட கெட்டியான பாலாகும். தமிழர் வீடுகளில் கடைந்தெடுக்கும் நீர்மோர் அன்று. அது கிடைக்காதவிடத்துத் தயிரைச் சிறிது நீர் விட்டு அடித்துப் பயன்படுத்தலாம்.

டப்பாவில் விற்கப்படும் பூசணிக்கூழும், பூசணிப் பை நிரப்பியும் வேறு வேறானவை. இரண்டாவதில் சர்க்கரையும் நறுமணப் பொருட்களும் முன்னரே கலக்கப்பட்டிருக்கும்.

பொருட்களின் பங்கு

கோதுமை மாவில் பசையம் வலை போல் அமைந்து காற்றுக் குமிழ்களைத் தாங்குகின்றது. அஃது இல்லாதபோது அப்பணி பிற பொருட்களுக்கிடையே பகிரப்படுகின்றது. முட்டைப் புரதம் சூட்டில் இறுகி வடிவம் தருகின்றது. மாவுச்சத்துகள் ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியசில் நீரை உறிஞ்சிக் களியாகின்றன. நீர் வெளியேறியபின் இவையே மொறுமொறுப்பைத் தருகின்றன. சாந்தன் பிசின் மாவுக்கரைசலைத் தடிப்பாக்கிக் குமிழ்களை உள்ளே நிறுத்துகின்றது. சாந்தோமோனாசு காம்பெசுடிரிசு என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் இப்பிசின், இலினொய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருந்த அரசு ஆய்வகத்தில் அலீன் ஜீன்சு என்னும் வேதியியலாளரின் குழுவினரால் உருவாக்கப்பட்டது. இது அளவுக்கு மிஞ்சினால் வாஃபிள் பிசுபிசுப்பாகிவிடும்.

பூசணி நிறத்தையும் இனிப்பையும் தருகின்றது. எனினும் அதன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால், கூழ் மிகுந்தால் வாஃபிளின் நடுப்பகுதி வேகாமல் களிபோல் நிற்கும். சமையல் சோடா மோரின் புளிப்புடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றது.

செய்முறை

பூசணிக்கூழ் தயாரித்தல்

சிறிய பூசணியை இரண்டாகப் பிளந்து விதைகளையும் நார்களையும் நீக்கி, வெட்டிய பக்கம் கீழாக இருக்கத் தட்டில் கவிழ்த்து, 190 பாகை செல்சியசில் 45 முதல் 60 நிமிடம் வரை சுடவேண்டும். கத்தி எளிதில் இறங்கும் நிலையில் எடுத்து ஆறவிட்டு, சதையைச் சுரண்டி மசித்துக்கொள்ள வேண்டும். சூளையடுப்பு இல்லாதபோது ஆவியில் வேகவைக்கலாம். அவ்வாறாயின் நீர் கூடுதலாக இருக்குமாதலால், மசித்த கூழைத் துணியில் கட்டி நீரை நன்கு வடித்தல் அவசியம்.

மாவு கலத்தலும் சுடுதலும்

1. மாவு வகைகள், சாந்தன் பிசின், பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, நறுமணத் தூள்கள் ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ள வேண்டும். பிசின் ஓரிடத்தில் திரண்டால் கட்டிகள் உண்டாகும்.
2. முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் தனித்தனியே பிரிக்க வேண்டும்.
3. மஞ்சள் கரு, பூசணிக்கூழ், மோர், சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றை வேறொரு பாத்திரத்தில் அடித்துக் கலந்து, மாவுடன் சேர்க்க வேண்டும்.
4. கலவையை 10 முதல் 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அரிசி மாவு நீரை மெதுவாகவே உறிஞ்சும்; இவ்விடைவெளி இன்றேல் வாஃபிள் மணல்போல் நறநறக்கும்.
5. வெள்ளைக் கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, நுரை உடையாதவாறு கலவையில் மடித்துச் சேர்க்க வேண்டும்.
6. அச்சை நன்கு சூடாக்கி எண்ணெய் தடவி, மாவை ஊற்றி மூடவேண்டும்.
7. ஓரங்களிலிருந்து வரும் நீராவி ஏறக்குறைய நிற்கும்வரை திறக்கலாகாது. நீர் மிகுதியான இம்மாவுக்குக் கோதுமை வாஃபிளைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும். முன்னதாகத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து இரு தகடுகளிலும் ஒட்டிக்கொள்ளும்.
8. சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித் தட்டில் வைக்கவேண்டும். 95 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளையடுப்பில் வைத்தால் மொறுமொறுப்புக் குறையாது.

மேப்பிள் பாகு, வெண்ணெய், வறுத்த பீக்கன் கொட்டைகள் ஆகியவற்றுடன் இது பரிமாறப்படுகின்றது.

பசையம் கலத்தலைத் தவிர்த்தல்

வீட்டில் செய்யப்படும் பசையமற்ற உணவு பழுதாவது பெரும்பாலும் செய்முறையால் அன்று, கலப்பினாலேயே ஆகும். வாஃபிள் அச்சு இதில் முதன்மையானது. கோதுமை வாஃபிள் சுடப்பட்ட அச்சின் பள்ளங்களிலும் கீல்களிலும் மாவுத் துணுக்குகள் தங்கிவிடும். மின்சார அச்சுகளில் பலவற்றை நீரில் அமிழ்த்திக் கழுவ இயலாது. தகடுகளின் சூடும் பசையத்தின் தீங்கை நீக்காது. ஆகவே சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் தனி அச்சு வைத்திருப்பதே பரிந்துரைக்கப்படுகின்றது. ரொட்டி வாட்டும் கருவி, மாவு சலிக்கும் சல்லடை, மரக்கரண்டி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பலரும் ரொட்டித்துணுக்கு ஒட்டிய கத்தியால் எடுக்கும் வெண்ணெயும் கலப்புக்கு வழியாகும்.

சேர்பொருட்களிலும் கவனம் தேவை. சில பேக்கிங் பவுடர்களில் கோதுமை மாவுச்சத்து சேர்க்கப்படுகின்றது. மோருக்கு மாற்றாகத் தாவரப் பாலில் புளிப்புச் சேர்ப்போர் எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். மால்ட் வினிகர் வாற்கோதுமையிலிருந்து செய்யப்படுவதாகும். தூளாக்கிய நறுமணப் பொருட்களிலும் மாவு கலந்திருக்கக்கூடும். தமிழ்ச் சமையலில் பயன்படும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. ஓட்ஸ் மாவைச் சேர்ப்பதாயின் பசையமற்றது எனச் சிட்டையிடப்பட்டதாக இருத்தல் வேண்டும். வயலிலும் ஆலையிலும் ஓட்சுடன் கோதுமையும் வாற்கோதுமையும் கலப்பது வழமை.

மாற்றங்கள்

நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட சிலருக்குப் பாலிலுள்ள லாக்டோசு தற்காலிகமாகச் செரிப்பதில்லை. அதைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பதே இதற்குக் காரணம். அத்தகையோருக்குத் தேங்காய்ப்பால் அல்லது சோயாப்பால், வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. முட்டை உண்ணாதோர், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்ப்பர். இவ்வாறு செய்த வாஃபிள் சற்று அடர்த்தியாக இருக்கும். தவிட்டரிசி மாவில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சோள மாவோ பக்வீட் மாவோ சேர்க்கலாம். பக்வீட் என்பதன் ஆங்கிலப் பெயரில் கோதுமை என்னும் சொல் ஒலிப்பினும் அது கோதுமை இனத்தைச் சேர்ந்ததன்று.

ஊட்டச்சத்து

பூசணியில் உயிர்ச்சத்து ஏ-ஆக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் மிகுந்துள்ளது. இது கொழுப்பில் கரைவதால் வெண்ணெயும் முட்டையும் அதன் உறிஞ்சலுக்கு உதவுகின்றன. மறுபுறம், பசையமற்ற மாவுகளில் நார்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமாகும். பசையமற்ற மாவுகள் பலவற்றில் அது சேர்க்கப்படுவதில்லை. எனவே பசையமற்றது என்பதாலேயே ஓர் உணவு அனைவருக்கும் கூடுதல் நலம் தருவது எனக் கொள்ள இயலாது.

சேமிப்பு

முற்றாக ஆறிய வாஃபிள்களைத் தட்டில் தனித்தனியே உறையவைத்துப் பின் காற்றுப் புகாத பையில் இட்டால் இரண்டு மாதம் வரை பயன்படுத்தலாம். உறைநிலையிலிருந்து நேரடியாக வாட்டும் கருவியில் சூடாக்குதல் ஏற்றது. நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் மெத்தென்று ஆகிவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

* வாஃபிள்
* பசையம்
* சீலியாக் நோய்
* பரங்கிக்காய்
* சாந்தன் பிசின்