மலையின் பெயரைப் பெற்ற மரம்

இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் 'நீலகிரி' என்னும் சொல் மலையை மட்டுமன்றி ஒரு மரத்தையும் குறிக்கும். தமிழில் அது தைலமரம், கற்பூரமரம் என வழங்கினும் அதன் எண்ணெய் நீலகிரித் தைலமே. அம்மரத்தின் தாயகமோ தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாத் தீவுமாகும்.

மலையின் பெயர் தொன்மையானது. செங்குட்டுவன் வடதிசைச் செலவின்போது நீலகிரியின் புறத்தே தங்கியதைச் சிலப்பதிகாரம் கூறும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே பெயர்க்காரணம் என்பாரும் உளர். மடுக்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியுமாக அமைந்தது இம்மலை. குறிஞ்சி பூத்ததும் தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அப்புல்வெளிகளில்தான்.

1819 இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின் உதகை ஊராக வளர்ந்தது. குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலைகள் கோடரிக்கு இரையாயின. சோலைமரங்கள் மெல்ல வளர்பவை; வெட்டிய வேகத்திற்கு அவை ஈடுகொடுக்கவில்லை. மாற்றுத் தேடியோர் 1843 இல் 'புளூ கம்' எனப்படும் தைலமரத்தை இங்கு நட்டனர். 1856 முதல் அது விறகுக்கெனத் தோட்டங்களாகப் பயிராயிற்று. விரைந்து வளர்வதும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதும் அதன் சிறப்புகள். வன்மரமே எனினும் உலரும்போது முறுக்கிப் பிளப்பதால் தச்சுவேலைக்கு அது அத்துணை உகந்ததன்று. வீட்டு அடுப்புக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் விறகாயிற்று. பின்னாளில் செயற்கைப் பட்டிழைக்கான மரக்கூழும் ஆயிற்று. உதிர்ந்த இலைகளைச் சேர்த்துக் கொப்பரையிலிட்டுத் தைலம் காய்ச்சுவது எளிய குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பாயிற்று.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இத்தோட்டங்கள் புல்வெளிகளின்மீது பரந்தன. மரமில்லாத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். புல்வெளியோ மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது. கிளென்மார்கனில் 1968 இல் தொடங்கிய ஆய்வொன்று, புல்வெளியில் பாதிக்குமேல் இம்மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்ததைக் காட்டிற்று. இம்மலை ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் கலப்பவை. எனவே இழப்பு சமவெளி உழவர்க்கும் உரியது. அயல் தாவரங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி இயற்கை நிலங்களை மீட்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022 இல் வெளியிட்டது.

மரத்தைப் பழிப்பது முறையன்று. சோலைக்கு மாற்றாக வெட்டுண்டதும் அதுவே. புல்வெளியைப் பாழென்று கருதியதே பிழை. குறிஞ்சியைப் பாடுவோர் அது பூக்கும் நிலத்தையும் அறிந்து பாடுதல் வேண்டும்.